ஆர்னி பெயருக்கு ஓர் உறை

அன்பு மகள் கிறிஸ்டினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி நோராவும் அங்கே ஓகினாவாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், படுக்கப் போகும்போது அதை மட்டும்தான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பால் சுகம். மற்றதைக் கேட்காதே, நீ கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நல்லா இருக்கோம்னு சொல்லு, நல்லா இருக்கோம்னு சொல்லு" என்று கையைக் காட்டுகிறார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல வாய் வருவதில்லை. இப்போது வெளியே பனி தள்ளும் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், அது இன்றைக்குக் கிளம்பாது, அதனால் எனக்கு நேரம் இருக்கிறது.

கடையை மூடிவிட்டோம் அம்மா. போன சனிக்கிழமைதான் கடைசி அடுப்பு. கொரோனாவுக்காகக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று நவம்பரில் உத்தரவு வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும், ஆனால் அப்பா விடவில்லை. "பொட்டலம் கட்டிக் குடுக்கலாம், பனிவண்டிக்காரங்க வருவாங்க, நம்ம பாஸ்டி இல்லாம இந்த ஊர்க்காரன் எவனும் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான்" என்றார். பனிமேல் வண்டி ஓட்ட வெளியூரிலிருந்து வருகிற அந்தக் கூட்டம் இந்த வருடம் வரவில்லை. பள்ளிக்கூடத்து ஆர்டர் நின்றது, சர்ச் விருந்து நின்றது, மிச்சமிருந்தது பழைய ஆட்கள்தான். அவர்களும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டியை ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, குழம்பு ஊற்றித் தின்பதா கெட்சப் வைத்துத் தின்பதா என்று வாசலிலேயே பனியில் நின்று சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சண்டையாவது இந்த ஊரில் இன்னும் ஒழுங்காக நடக்கிறது.

உனக்கு நான் முக்கியமாக எழுத உட்கார்ந்தது உன் அண்ணனைப் பற்றி. போன மே மாதம் முதல் நிவாரணக் காசோலை வந்தது நினைவிருக்கிறதா, தீப்பந்தம் பிடித்த சுதந்திரச் சிலை அம்மா படம் போட்டு, அப்பா பெயரும் என் பெயரும் சேர்த்து அச்சடித்து? ஆர்னி அதை வாங்கி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். உனக்குத் தெரியுமே, அவனுக்குப் படிப்பு வராவிட்டாலும் பெயர் எழுத்துகள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. இருபது வருடமாகக் கடையில் அவனுடைய வேலையே அதுதானே. புரூஸ் கெட்டோலாவுக்கு வெங்காயம் ஆகாது, தபால்காரி பெக்கிக்கு மஞ்சள் டர்னிப் கிழங்கு கூடாது, யாருடைய பாஸ்டி எது என்று வெந்த பிறகு மாறிப் போகாமல் இருக்க, மாவைக் கிள்ளி அவரவர் எழுத்தை மூலையில் ஒட்டுகிறவன் அவன். ஊரில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் எழுத்து தெரியும் அவனுக்கு. அப்படிப்பட்டவன் அந்தக் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேல் இருக்கு, மார்லீன் இருக்கு, ஆர்னால்ட் எங்க?" என்றான். அடுத்த தபாலில் வரும்டா என்று அப்பா சொல்லிவைத்தார்.

வராது என்று நம் வரிக் கணக்குப் பார்க்கிறவர் அப்போதே சொல்லிவிட்டார். பதினாறு வயது வரைக்கும் பிள்ளை என்றால் உண்டு, தன் காலில் நிற்கிற பெரியவர் என்றால் உண்டு, பெரியவராக இருந்து அப்பா அம்மா தயவில் இருக்கிறவர் என்றால் இரண்டிலும் சேராது. முப்பத்து நான்கு வயதில் ஏழு வயது மனசோடு இருக்கிறவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வருடா வருடம் வரித் தாளில் இவன் எங்கள் பிள்ளை, எங்கள் கையில் சாப்பிடுகிறவன் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுக்கிறோமே, அதை எழுதாமல் விட்டிருந்தால் அவன் பெயருக்கே தனியாக வந்திருக்குமாம். "யாரும் வேணாம்னு விட்ட பிள்ளைன்னா காசு, நாங்க வச்சிருக்கிற பிள்ளைன்னா இல்லையா?" என்று கேட்டேன். அந்த மனிதர் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அவர் என்ன செய்வார்.

அதற்குப் பிறகு கோடை முழுக்க, இலையுதிர்காலம் முழுக்க அங்கே வாஷிங்டனில் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். இவன் ஒரு தொகை சொன்னால் அவன் ஒரு தொகை, இந்தக் கட்சி கொண்டுவந்தால் அந்தக் கட்சி எழுந்து போகும். கடையில் வானொலியைப் போடாதே என்று அப்பா சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வழியாக ஆளுக்கு அறுநூறு என்று முடிந்தது, அதிலும் ஆர்னி இல்லை. சரி, தலையெழுத்து என்று இருந்தேன். திங்கட்கிழமை என்ன ஆனது, கீழவையில் திடீரென்று அறுநூறு போதாது, இரண்டாயிரமாக்கு, ஆர்னி மாதிரிப் பெரிய பிள்ளைகளையும் சேர் என்று வாக்கெடுத்து ஜெயித்துவிட்டார்கள். எனக்கு மாவுக் கையோடு நிற்கிற இடம் தெரியவில்லை. மேலவையான செனட்டும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆர்னி, உன்னையும் சேத்துட்டாங்கடா" என்று கத்திவிட்டேன். அவன் ஏப்ரனோடு ஓடி வந்து என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்.

மறுநாளிலிருந்து தபால் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பனி முழங்காலுக்கு மேலே, ஏரிக் காற்று முகத்தை அறுக்கிறது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். பெக்கி வண்டியை நிறுத்தி, "இன்னிக்கு இல்லடா ராசா" என்று சொல்லவேண்டும், அப்புறம்தான் உள்ளே வருவான். அந்தப் பெண் என்னிடம், "நான் வேணும்னா பக்கத்துத் தெரு வழியா சுத்திப் போயிடட்டுமாக்கா? அவன் மூஞ்சியைப் பாக்க முடியல" என்று கேட்டாள். அந்த வாரத்தில்தான் புரூஸ் வந்து, கல்லாவில் சாய்ந்துகொண்டு, "ஆளுக்கு ரெண்டாயிரம் குடுத்தா எவன் வேலைக்குப் போவான்? சும்மா உக்காந்திருக்கிறவனுக்கெல்லாம் ஓசிக் காசு" என்று ஆரம்பித்தான். மே மாதத்துக் காசில் நீ சுவர் அகலத்துக்கு டிவி வாங்கினாயே, அதற்குப் பிறகு வேலைக்குப் போகாமலா இருந்தாய் என்று கேட்டேன். "அது வேற மார்லீன், நான் வரி கட்டினவன்" என்றான். இதை அவன் சொல்லும்போது அவனுக்கு எதிரிலேயே ஆர்னி நாக்கைத் துருத்திக்கொண்டு புரூஸின் பாஸ்டியில் புரூஸின் எழுத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். உன் அப்பா அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே பார்க்க ஆரம்பித்தார். அவரும் புரூஸும் ஒரே கட்சிக்குத்தான் வாக்குப் போட்டவர்கள், அப்பா இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வியாழக்கிழமை அப்பா ஒரு காரியம் செய்தார். நம் கடைக் காசோலையில் ஆர்னி பெயரை எழுதி, ஒரு பழைய உறையில் போட்டு ஒட்டி, பெக்கி வருவதற்கு முன்னால் பெட்டியில் வைத்துவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவர் போல உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தோலைக்கூடச் சீவாமல் நறுக்கியதைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது. ஆர்னி எடுத்துவந்து பிரித்தான். வெகுநேரம் பார்த்தான். அப்புறம் அப்பாவிடமே கொண்டுபோய்க் கொடுத்து, "இதுல தீப்பந்தம் வச்ச அம்மா இல்லப்பா. இது உன் எழுத்து" என்றான். அப்பா இன்னும் வேகமாக நறுக்கினார். இவன் அவர் தோளைத் தட்டி, "பரவால்லப்பா, அவங்க இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. முடிஞ்சதும் வரும்" என்று ஆறுதல் சொல்கிறான். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை கிறிஸ்டின், அன்றைக்கும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சனிக்கிழமை விடியற்காலையில் கடைசி நாளுக்காக மூவரும் மாவு பிசைந்தோம். அப்பா இல்லாத நேரம் பார்த்து நான் வானொலியைப் போட்டேன். செனட்டில் அந்த மசோதாவை எடுக்கவே இல்லை, அதோடு சரி, முடிந்தது என்றார்கள். ஐந்து நாள் என் பிள்ளை இந்த நாட்டில் ஒரு ஆளாக இருந்தான், ஆறாம் நாள் இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்து, "சண்டை முடிஞ்சிருச்சா?" என்றான். முடிந்தது என்றேன். "என் பேரு?" என்றான். இந்தத் தடவையும் இல்லையடா என்றேன், இதைப் பொய்யாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அவன் மேசைக்குப் போய் வேலையை ஆரம்பித்தான். கடைசி நாள் என்று ஊரே ஆர்டர் கொடுத்திருந்தது, நான் அடுப்புப் பக்கமே நின்றுவிட்டதில் தட்டுகளைக் கவனிக்கவில்லை. வெந்து வெளியே எடுத்த பிறகுதான் பார்த்தேன், அத்தனையிலும் ஆர்னி தன் பெயரின் எழுத்தையே ஒட்டியிருந்தான். ஒன்று விடாமல். வெங்காயம் போட்டது எது, போடாதது எது, டர்னிப் எது, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இப்படிப் பண்ணிட்டியேடா என்று வாய்வரை வந்தது. அப்பா உள்ளே வந்து பார்த்தார், தட்டு தட்டாகப் பார்த்தார், ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். "கட்டிக் குடுத்துடு மார்லீன்" என்று மட்டும் சொன்னார். கட்டிக் கொடுத்தேன். வந்தவர்களெல்லாம் பொட்டலத்தைப் பிரித்து மூலையைப் பார்த்தார்கள், ஆர்னியைப் பார்த்தார்கள், ஒருவர்கூட மாற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் புரூஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். "வெங்காயம் இருந்துச்சு" என்றான். அய்யோ, வயிறு என்ன ஆச்சு என்றேன். "தின்னுட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதனால் எனக்கு ஊர் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. தேர்தல் வந்தால் அவன் மறுபடி அதே ஆளுக்குத்தான் போடுவான், உன் அப்பாவைப் பற்றியும் நான் சத்தியம் செய்யமாட்டேன்.

இப்போது ஆர்னிக்கு வேலை இல்லை. விடியற்காலையில் எழுந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டில் வந்து நிற்கிறான், கடை இல்லை என்று தினமும் சொல்லவேண்டியிருக்கிறது, சொன்னதும் கழற்றி மடித்து வைக்கிறான். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டக் கேட்டிருக்கிறார், பள்ளி திறந்தால்தானே. வாஷிங்டனுக்கு வரப்போகிற புதிய ஆட்கள் அந்த மசோதாவை மறுபடி கொண்டுவருவார்கள் என்று பெக்கி சொல்கிறாள், மறுபடி சண்டை போடுவார்கள் என்று நான் சொல்கிறேன். காசு இல்லாமல் இருந்துவிடலாம் அம்மா, உன் அப்பாவும் நானும் அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். என்னைத் தின்கிறது வேறு. நாங்கள் இருக்கும்போதே அவனை ஆள் கணக்கில் சேர்க்காதவர்கள் எங்களுக்குப் பிறகு என்ன செய்வார்கள்? இதற்கு நீ பதில் எழுதவேண்டாம், உன் மேல் பாரம் ஏற்ற எழுதவில்லை, யாரிடமாவது சொல்லவேண்டும், உன்னை விட்டால் எனக்கு யார்?

நோராவுக்குப் பல் முளைத்திருந்தால் படம் அனுப்பு. மாப்பிள்ளையைக் கடலில் ரொம்ப தூரம் நீந்தப் போகவேண்டாம் என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, உனக்குக் கோபம் வந்தால் சாப்பிடாமல் கிடக்கிற பழக்கம் என்னிடமிருந்து வந்தது, விட்டுவிடு. மகராசியாக இரு, உன் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், பெக்கியும் சொல்லிப் பார்த்துவிட்டாள், அவன் கேட்பதாக இல்லை, இந்தக் கடிதத்தை எழுதுகிற நேரத்திலும் ஜன்னலுக்கு வெளியே தபால் பெட்டிப் பக்கத்தில் அவனுடைய சிவப்புத் தொப்பி தெரிகிறது. அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. காசு வைக்காதே, அரசாங்கம் என்று பொய் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவான். உள்ளே என்ன எழுதினாலும் சரி, எதுவும் எழுதாவிட்டாலும் சரி. உறைமேல் ஆர்னால்ட் டெர்வோ என்று முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுது. எங்கள் பெயரை எழுதாதே.

உன் அம்மா,
மார்லீன்