உருளை சுழலாத றிவோல்வர்

1987 பெப்ரவரி 9, திங்கள்
பேசாமல் இருந்தது போதும். மூன்று வருடம். ஆரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

பனி. பேஸ்மென்ற் ஜன்னல் பாதிக்கு மேல் மூடிவிட்டது. தபாலில் தமிழ் வகுப்புப் பரிசளிப்பு விழா அழைப்பு. ஞாயிறு, மல்வேர்னில். தலைமை சிவபாதம். உறையில் என் விலாசம் கையால் எழுதியிருந்தது. அதே சாய்ந்த ஆங்கில எழுத்து.

84இல் ஊரில் என் தம்பி நாதனை ஆமி கொண்டுபோனது ஒரு மொட்டைக் கடிதத்தால். பொலிசில் கிளாக்காக இருந்த என் பழைய மாணவன் அதை ஒரு நிமிடம் காட்டினான். சிவபாதத்தோடு ஒன்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். அவன் எழுத்து எனக்குத் தெரியாதா? நாதன் திரும்பவில்லை.

10, செவ்வாய்
கடுங்குளிர். பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலைக்கு வழமைபோல, கூட வேலை செய்யும் குணத்தின் காரில். துவக்கு ஒன்று எடுக்கலாமா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஒண்டு இருக்கு அண்ணை. பழைய றிவோல்வர். உருளை சுத்தாது. திருத்தினால் சாமான் நல்லது."

"ஆர் திருத்துவினம்?"

"துவக்குக் கடையிலை குடுக்கலாம். ஆனால் பேர், விலாசம், கையெழுத்து எல்லாம் கேப்பாங்கள். நீங்கள் பிசிக்ஸ் மாஸ்ரர்தானே, நீங்களே திருத்துங்கோவன்!" சிரித்தான். "ஏன், சுப்பவைசரைச் சுடவோ?"

நானும் சிரித்தேன்.

11, புதன்
துவக்கு வாங்க: நாதன். அவனைக் கேட்டுக் கேட்டே செத்த அம்மா. மேடையில் மாலையோடு இருக்கப்போகும் சி.

வாங்காமல் விட: மனைவி தேவியும் மகளும் கொழும்பில், ஒற்றை அறையில். அவர்களை இங்கே எடுப்பிக்கும் ஸ்பொன்சர் பைல் இன்னும் முடியவில்லை. அந்தக் கடிதத்தை நான் ஒரு நிமிடம்தான் பார்த்தேன்.

கடைசி வரியை வெட்டினேன். திரும்ப எழுதினேன்.

பால், பாண், சவர்க்காரம்.

12, வியாழன்
சாப்பாட்டு நேரம் காருக்குள் வைத்துக் குணம் அதைக் காட்டினான். பழைய துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பையில். நினைத்ததைவிடப் பாரம். பெருவிரலால் உருளையைத் தள்ளினேன். அசையவில்லை. ஐந்து நிமிடம் பழுதைப் பற்றி மட்டுமே யோசித்தேன், பள்ளிக்கூட லாப் சாமான்போல. நாதன் நினைவில் இல்லை. வெட்கம்.

"சனிக்கிழமை சொல்லுங்கோ அண்ணை. வேறை ஒராளும் கேக்கிறார்."

13, வெள்ளி
மல்வேர்ன் தமிழ்க் கடையில் சி. கையில் மீன் பை.

"மாஸ்ரர்! ஞாயிறு வருவியள்தானே? நாதன்ரை பேரிலை ஒரு பரிசு வைப்பமெண்டு யோசிச்சனான். கணக்கிலை முதலாவதா வாற பிள்ளைக்கு. என்ன சொல்லுறியள்?"

கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. செய்தவன் இப்படிக் கேட்பானா? செய்தவன்தான் கேட்பானா?

"ஓம்" என்றேன். ஓம் என்றேனே! மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

14, சனி
குணத்துக்குப் போன் எடுத்தேன்.

"வேண்டாம் தம்பி."

"பயந்திட்டியளோ அண்ணை?"

"ஓம்."

தேவிக்காக விட்டேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. துவக்குத் திருத்தும் கடையில் ஒரு கொப்பியை நீட்டுவார்கள், நான் என் பெயரை எழுத வேண்டும். குணம் சொன்ன முதல் நாளே அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

மத்தியானம் முழுக்க விழாச் செயலாளருக்குக் கடிதம். சி. யார், என்ன செய்தவன், எல்லாம். அடியில் பெயர் எழுதப் போய்ப் பேனையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். என் பெயர் தெரிந்தால் சி. இமிகிரேசனுக்கும் ஒரு மொட்டைக் கடிதம் போடுவான். எழுதிப் பழகிய கை. பைல் அப்படியே நிற்கும்.

கிழித்தேன். இடது கையால் திரும்ப எழுதினேன், கோணல் எழுத்தில், ஒருவரும் கண்டுபிடிக்காதபடி. மேசையில் வைத்துப் பார்க்கிறேன். பொலிசில் பார்த்த அந்தத் தாளும் இப்படித்தான் கிடந்தது.

நாளை விழாவுக்குப் போவேன். நாதன் பரிசுக்குக் கை தட்டுவேன். முத்திரை ஒட்டியாயிற்று. இருட்டுமுன் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன். பெயர் போடவில்லை.