நிற்க வைத்த பாட்டில்

பாண்டி,

போன வாரம் என் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக ஒயின் குடித்தேன். எண்பத்தொரு வயதில் உனக்கு இது தேவையா என்று நீ கேட்பாய். மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்று அவளுக்குக் கல்யாண நாள். இந்த ஊரில் சில சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒயின் பாட்டிலை நாமே வீட்டிலிருந்து கொண்டுபோகலாமாம். அவர்களே திறந்து ஊற்றியும் கொடுப்பார்களாம். மருமகன் ஒரு பாட்டிலைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, மூடாமல் மறைக்காமல், பட்டப்பகலில் தெருவில் நடந்து வந்தார். போலீஸ்காரர் யாராவது வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

என் கிளாஸில் ஒரு வாய் அளவு ஊற்றினார்கள். உன்னை நினைத்துத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் புளிப்பு நெடி மூக்கில் ஏறப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளாஸை எடுத்தேன். நெடி வரவில்லை. பழ வாசனை வந்தது. குடித்துப் பார்த்தேன். தொண்டையில் மெதுவாக இறங்கியது.

"இது ஒயின் இல்லீங்க, வேற என்னமோ குடுத்துட்டாங்க" என்றேன். மகளும் மருமகனும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தேன். அதற்கப்புறம் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நாம் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நர்ஸ் குவார்ட்டர்ஸில் இருவருக்கும் ஒரே அறை. ஊர்ப் பெயரால்தான் நான் உன்னைப் பாண்டி என்று கூப்பிட்டேன், நீ என்னை ஒலக்கூரு என்று கூப்பிட்டாய். சொந்தப் பெயர்கள் மேட்ரன் வைத்திருந்த டியூட்டி நோட்டில் மட்டும்தான் இருந்தன. நான் பயந்தாங்கொள்ளி. அப்பா இல்லாத வீடு, படிக்கிற தம்பிகள் இரண்டு பேர், என் வேலையை நம்பித்தான் ஒலக்கூரில் அடுப்பு எரிந்தது. நீ எதற்கும் பயப்படாதவள். டாக்டரிடமே, "கொஞ்சம் ஜல்தியா வாங்க சார், நோயாளி உங்களுக்காகக் காத்துக்கினு இருக்க மாட்டாரு" என்று சொல்லக்கூடியவள்.

உன் புருஷன் பிரெஞ்சுக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து, வியட்நாம் சண்டைக்காகச் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் கூட இருந்தார். புறப்படுகிற அன்று ஒரு ஒயின் பாட்டிலை உன்னிடம் கொடுத்துவிட்டு, "நான் திரும்பி வந்ததும் மெட்ராஸ்ல, மவுண்ட் ரோட்டுல, வெள்ளைத் துணி விரிச்ச மேசையில உக்காந்து சாப்பிடலாம். இதயும் எடுத்துக்கினு போலாம். அதுவரைக்கும் தொறக்காத" என்றாராம். மெட்ராஸில் மதுவிலக்கு ஆச்சே என்று நீ கேட்டதற்கு, "நான் வர்றதுக்குள்ள அந்தச் சட்டமெல்லாம் போயிடும் பாரு" என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது அவர் குரலிலேயே சொல்வாய். சட்டம் போகவில்லை. அவரும் வரவில்லை. ஐம்பத்து நான்காம் வருடத்தோடு கடிதம் நின்றுபோயிற்று.

வேலை கிடைத்து விழுப்புரத்துக்கு வரும்போது அந்தப் பாட்டிலைப் புடவைக்குள் சுற்றிப் புதுச்சேரி ரயிலில் கொண்டுவந்திருக்கிறாய். கண்டமங்கலத்தில் பெட்டி பெட்டியாகச் சாராயச் சோதனை போட்டவர்கள், நர்ஸ் என்றதும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் அறையைப் பெருக்கும்போது உன் கட்டிலுக்கு அடியில், கூடையில் துண்டு விரித்து, கைக்குழந்தையைப் போல அதைப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் மேட்ரன் அறைகளைப் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். நம் அறைச் சுவரில் டெட்டாலும் லோஷனும் வைக்கிற பலகை இருந்ததே, அதில் கடைசியாக இந்தப் பாட்டிலையும் நிற்க வைத்தேன். ஒரு காகிதத்தில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும், விஷம்' என்று எழுதி ஒட்டினேன். வரிசையில் நின்றால் அதுவும் ஒரு லோஷன், படுத்திருந்தால்தான் யாரும் குனிந்து பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

டியூட்டி முடிந்து வந்த நீ பலகையைப் பார்த்தாய்.

"அத படுக்கத்தானே வெச்சிருந்தேன்?"

"படுக்க வெச்சா இன்னா, நிக்க வெச்சா இன்னா? மாட்டிக்கினா ரெண்டு பேருக்கும் வேல போயிடும். உனக்கு பாண்டியில அண்ணன் கீறாரு. எங்க வூட்டுல யாரு கீறாங்க?" என்று கத்தினேன்.

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "சரி, நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாய்.

ஐந்து வருடத்துக்கு மேல் அது அங்கேயே நின்றது. கோடைக்காலத்தில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. மேட்ரன் எத்தனையோ முறை வந்து போனார்கள். ஒரு முறைகூட அந்தப் பாட்டிலைத் தொடவில்லை.

அறுபத்தொன்றில் உன் அண்ணன் விழுப்புரத்துக்கு வந்தார். உன் புருஷனோடு ஒரே படையில் இருந்தவர் ஊர் திரும்பியிருக்கிறார், கடிதம் நின்ற அந்த வருடமே உன் புருஷன் சண்டையில் செத்துப்போனதாகவும், அங்கேயே காட்டில் புதைத்துவிட்டதாகவும் சொன்னார் என்றார். ஏழு வருடமாக இல்லாத ஒருவருக்காக நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். அண்ணனுக்குச் சாப்பாடு போட்டு ரயிலேற்றிவிட்டு நேராக வார்டுக்குப் போய்விட்டாய். நான்தான் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு வாரம் கழித்துச் சொன்னாய்: "ஒலக்கூரு, மெட்ராஸ் போலாம் வர்றியா? அவரு சொன்ன மாதிரி சாப்பிட்டுட்டு வந்துடலாம். அவரு பொருளுன்னு எங்கிட்ட வேற ஒன்னும் இல்லடி. சமாதி கூட இல்ல."

"பாட்டிலயா எடுத்துக்கினு போற?"

"அதுக்குத்தானே போறது."

இரண்டு நாள் முடியாது என்று சாதித்தேன். மூன்றாம் நாள் நானே யோசனை சொன்னேன். ஆஸ்பத்திரி மிக்ஸ்சர் பாட்டில் இருக்கிறதே, வேளைக்கு இவ்வளவு என்று தெரிவதற்காகப் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்குமே, அதில் ஊற்றிக்கொண்டு போனால் எந்த போலீஸ்காரன் கேட்பான்? நீ என் கன்னத்தைக் கிள்ளினாய்.

புறப்படுகிற அன்று காலையில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாட்டிலைத் திறந்தோம். கார்க் காய்ந்து போயிருந்தது. ஃபோர்செப்ஸால் இழுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காஸ் துணியில் வடிகட்டினோம். நீ குனிந்து முகர்ந்து பார்த்தாய். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாய்.

"இன்னாடி?" என்றேன்.

"ஒன்னும் இல்ல" என்றாய். புருஷன் நினைப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். மிக்ஸ்சர் பாட்டில் நிறைந்தது போக மிச்சத்தைக் கொல்லையில் வாழையடியில் ஊற்றினாய். இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்ததை இப்படிக் கொட்டுகிறாயே என்றதற்கு, "வாழையும் குடிக்கட்டும்டி" என்றாய்.

ஒலக்கூரில் அந்த ரயில் நிற்காது என்பதால், திண்டிவனம் ஸ்டேஷனுக்கே என் அம்மா அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். உன் மடியிலிருந்த மிக்ஸ்சர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"எனக்குத்தாம்மா. வயித்துல புண்ணு" என்றாய்.

"இந்த வயசுல புண்ணு வர்றதுக்கு இன்னா கவல உனுக்கு? மோரா ஊத்திக் குடி, எல்லாம் ஆறிடும்" என்று அம்மா ஜன்னல் வழியாக உன் தலையைத் தடவினார். ரயில் நகர்ந்து ஒலக்கூர் தாண்டும் வரை நீ முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்திருந்தாய். அன்று நீ அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மவுண்ட் ரோட்டில் நாம் நுழைந்த ஓட்டலில் மேசைக்கு மேசை வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தலைப்பாகை கட்டிய வயதான சர்வர் வந்தார். சூப்பும் கட்லெட்டும் ரொட்டியும் சொன்னாய். மிக்ஸ்சர் பாட்டிலை மேசைமேல் வைத்தாய்.

"மருந்துங்க. சாப்பாட்டோட சேத்து எடுத்துக்கணும். மூணு கிளாஸ் குடுங்க."

"மூணா?"

"இன்னொருத்தர் வர வேண்டியிருக்குது" என்றாய்.

அவர் கிளாஸ்களைக் கொண்டுவந்தார். காகிதப் பட்டையில் பார்த்து எனக்கு ஒரு வேளை, காலி நாற்காலிக்கு ஒரு வேளை, உனக்கு ஒரு வேளை என்று அளந்து ஊற்றினாய். சர்வர் நகரவில்லை. மூக்கை லேசாகச் சுருக்கினார். வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பரிமாறிய மூக்கு. குனிந்து மெதுவாக, "அம்மா, இது கெட்டுப்போச்சு. குடிக்காதீங்க. நான் எடுத்துக்கினு போயி ஊத்திடறேன்" என்றார். ஒயினை உண்மையிலேயே மருந்து என்று நம்பிவிட்டார் பார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"பரவால்லீங்க ஐயா. எடுத்து வெச்சது இது ஒன்னுதான்" என்றாய்.

அவர் உன்னைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலிக்கு எதிரிலும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான் ஒரு வாய் குடித்தேன். நாக்கு கூசியது, தொண்டை எரிந்தது. "இன்னாடி இது, இவ்ளோ புளிப்பு? இதுக்கா உங்க ஊருல அலையறாங்க?" என்றேன்.

நீ உன் கிளாஸை ஒரே மூச்சில் குடித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஒயின்னா அப்படித்தான்டி இருக்கும். நல்லாத்தான் கீது" என்றாய். பிறகு அவருடைய கிளாஸையும் எடுத்துக் குடித்தாய். சாப்பிட்டு முடிப்பதற்குள் கடைசி அளவு வரை ஊற்றி ஊற்றி நீ ஒருத்தியே குடித்து முடித்தாய். என் கிளாஸில் மிச்சம் இருந்ததைக்கூட விடவில்லை.

போன வாரம் அந்த மெல்போர்ன் சாப்பாட்டுக் கடையில் மருமகனிடம் கேட்டேன்: "ஒயின் புளிச்சுப் போவுமா?" அவர் பொறுமையாகச் சொன்னார். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டுமாம். அப்போதுதான் கார்க் நனைந்தபடி இருக்குமாம். நிற்க வைத்தால் கார்க் காய்ந்து, காற்று உள்ளே போய், நாளாவட்டத்தில் வினிகர் மாதிரிக் காடியாகிவிடுமாம். சூடான இடமென்றால் கேட்கவே வேண்டாமாம். "ஏன் அத்தை, உங்களுக்கு யாராச்சும் கெட்டுப்போன ஒயினைக் குடுத்தாங்களா?" என்றார்.

யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நான்தான் உனக்குக் கொடுத்தேன்.

உன் அப்பா பாண்டியில் பிரெஞ்சுத் துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். பாட்டிலை எப்படி வைக்க வேண்டும் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதானே கூடையில் துண்டு விரித்துப் படுக்க வைத்திருந்தாய். தெரிந்துதான் "சரி, நிக்கட்டும்" என்றாய். என் வேலைக்காக, ஒலக்கூரில் எரிந்த அடுப்புக்காக, அவர் கொடுத்துவிட்டுப் போன ஒரே பொருளை என் கண்ணெதிரிலேயே கெட்டுப்போக விட்டாய். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் நாற்பது வருடம் நாம் பழகினோம். இந்த மெட்ராஸ் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்! "ஒயினாம் ஒயினு, வெறும் புளிச்ச தண்ணி" என்று உன் முன்னாலேயே சொல்வேன். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். "ஒலக்கூருக்குக் கேப்பைக் கூழுதான் சரி" என்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் அண்ணன் மகள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே அந்த மிக்ஸ்சர் பாட்டில், காகிதப் பட்டை மஞ்சளாகிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. திண்டிவனத்து வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். என்னிடம் உன்னுடையது என்று அது இருக்கிறது. "நல்லாத்தான் கீது" என்ற உன் சொல் இருக்கிறது. கிட்டத்தட்ட அறுபது வருடம் அதை நான் நம்பினேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்பதற்குக்கூட வழியில்லாமல் எப்போதோ மன்னித்துவிட்டாய்.

நேற்று காலையில் ஊருக்கு போன் செய்தேன். தம்பி மனைவிதான் எடுத்தாள்.

"அலமாரியில ஒரு மருந்து பாட்டில் நிக்குது பாரு, அத எடுத்துப் படுக்க வைம்மா" என்றேன்.

"எதுக்குங்க அண்ணி? அது காலி பாட்டில்தானே?"

"காலிதான். படுக்க வை."

போனைத் துண்டிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தாள். "வெச்சிட்டேன் அண்ணி. நிக்க மாட்டேங்குது, உருண்டுகினே கீது. அடியில துண்டு எதனா விரிச்சு வெக்கட்டுமா?"

"விரிச்சு வை" என்றேன்.