பரணிலிருந்து அவசரமாக இறங்கியவருக்கு

இஞ்சேருங்கோ,

உங்களை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சமையலறையில் நின்று இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், எந்த அறையிலிருந்தாலும் "ஓம், சொல்லும்" என்று பதில் வரும். இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். மற்றவர்களும் கேட்டுவிட்டுப் போகட்டும். உங்களைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள்.

பிராங்பேர்ட்டில் மறுபடியும் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. இந்த மாதம் வந்தால் உங்கள் பச்சைப் புள்ளி வேட்டை உடுப்புகளைத் தொடவே விடமாட்டீர்கள். என் சோப்புத்தூளின் வாசம் மானுக்குப் போய்விடுமாம். வாசமில்லாத தூள் வாங்கி, நீங்களே தோய்த்து, பால்கனியில் தனியாகக் காயப்போடுவீர்கள். கீழ்வீட்டு ஜேர்மன்கார அம்மா உங்களை இராணுவத்தில் இருக்கிறவர் என்று நெடுநாள் நினைத்திருந்தது நினைவிருக்கிறதா?

எங்கள் ஆட்களில் யார் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகிறார்கள் என்று நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். வேட்டைப் பரீட்சைக்கு ஜேர்மன் மொழியில் படித்துப் பாஸ் பண்ணிய மனிதர், இங்குள்ளவர்களைப் போலத் துவக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றும் கேட்டேன். "வெடிச் சத்தம் எனக்கு வேண்டாம், வசந்தி" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஜேர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் ஒவ்வோர் இலையுதிர் காலமும் நீங்களும், விமான நிலையத்தில் உங்களோடு பொதி ஏற்றிய குகன் அண்ணையும் எல்லை தாண்டிப் பிரான்ஸ் காட்டுக்குப் போவீர்கள். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சமைக்கிற என் வீட்டில், குளிர்பெட்டியின் அடித்தட்டு மட்டும் உங்கள் மான் இறைச்சிக்கு.

போன வருடம் அந்தக் காட்டிலிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை. மரத்தில் ஏணி சாத்திக் கட்டிய பரணிலிருந்து விழுந்தீர்கள் என்று சொன்னார்கள். உடம்போடு கட்டியிருக்க வேண்டிய பாதுகாப்புப் பட்டி மேலே மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். அது அறுந்து போகவில்லை, கையால் கழற்றப்பட்டிருக்கிறது என்று பிரெஞ்சுப் பொலிஸ் சொல்ல, மொழிபெயர்த்தவர் எனக்குச் சொன்னார். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

பொலிஸ் மூடியதை எங்கள் ஆட்கள் மூடவில்லை. இந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு எங்கள் மகன் ஆரூரன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். தண்ணீர்ப் பந்தலடியில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"வேலை போனாப் பிறகு மனிசன் ஒருத்தரோடையும் கதைக்கேல்லையாம்."

"பட்டியைத் தானே கழட்டினவராம். பிறகென்ன, விளங்குதுதானே."

"ஐயோ, வசந்திக்குத் தெரியாதோ?"

"தெரியாமல் இருக்குமே? வெளியிலை சொல்ல ஏலுமே?"

நான் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்து வெயிலில் நின்றேன். அவர்களோடு கோபிக்க என்னால் முடியவில்லை. அவர்கள் பேசியதை நான் பல மாதங்களாக என் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீங்கள் புறப்பட்ட அன்று காலை, கார் ரயர் மாற்றக் கராஜில் தெர்மின் எடுத்து நாள் குறிக்க வேண்டும், குளிர் வரப்போகிறது என்று நினைவுபடுத்தினேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நிமிராமலே சொன்னீர்கள்: "நான் இல்லாட்டியும் நீர் எல்லாம் சமாளிப்பீர்." அப்போது அது எனக்குப் பகிடியாகத்தான் கேட்டது. நீங்கள் போன பிறகு அந்த வசனத்தை எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்! சிரித்துச் சொல்லிப் பார்த்தேன், சலித்துச் சொல்லிப் பார்த்தேன். விடைபெறுகிற குரலிலும் சொல்லிப் பார்த்தேன். எல்லாக் குரலிலும் அது உங்கள் வாயில் பொருந்தியது. என்ன பெண்டாட்டி நான், இத்தனை வருடம் கூட இருந்துவிட்டு இது தெரியாமல்?

தேர் முடிந்து வந்த பிறகும் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு குகன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டேன். "சனிக்கிழமை விடிய வாறன், தங்கச்சி" என்றார். நீங்கள் போன பிறகு தான் வில்லைத் தொடவில்லை என்றும் சொன்னார்; அது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

ஆரூரனுக்குப் பிடிக்கவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு அவன் குகன் அண்ணையோடு கதைப்பதே இல்லை. "அந்தாளோடையா போறீங்கள்? அப்பாவைப் பரணிலை ஏத்தி இருத்திப்போட்டு அவர் எங்கை இருந்தவர்?" என்று கத்தினான். நானும் வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உங்கள் காட்டைக் கண்டேன். இவ்வளவு அழகாக இருக்கும் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லையே. நிலமெல்லாம் செம்பு நிறத்தில் இலை. மழை விட்டிருந்தது, ஆனால் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. குகன் அண்ணை முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒரு பெரிய மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டுக் கூரையளவு உயரம்கூட இல்லை. இந்த உயரத்திலிருந்து விழுந்தா ஒரு மனிதர் செத்துப்போவார்? சாக நினைக்கிறவர் இந்த உயரத்தையா தேடி வருவார்? இரண்டு கேள்வியும் ஒன்றாக வந்தன.

வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த சுற்றுப்பேச்செல்லாம் மறந்துவிட்டது. நேரடியாகவே கேட்டேன்.

"அண்ணை, அவர் தானாத்தான் போனவரோ?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன கதை இது, வசந்தி? ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம். நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு படுக்கிறனான்."

அந்த மனிதர் ஈர இலைக்கு மேல் அப்படியே குந்திவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் பொத்தினார். "என்ரை பிழைதான். நான் சொல்லியிருக்கோணும். உங்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

பிறகு சொன்னார். அவர் கூப்பிடு தூரத்தில் வேறொரு பரணில் இருந்தாராம். பின்னேரம், வெளிச்சம் இருந்த நேரம். உங்கள் பக்கம் நாண் விடுபட்ட ஓசை கேட்டிருக்கிறது. உடனே மானின் சத்தம். இங்கே றே என்று சொல்கிற அந்தச் சின்ன மான். அம்பு நெஞ்சில் படாமல் முள்ளந்தண்டில் பட்டுவிட்டது. பின்னங்கால் இரண்டும் விழுந்துபோக, முன்னங்காலால் இழுத்து இழுத்துக் கத்தியிருக்கிறது.

"அம்பு விட்டால் சத்தம் போடாமல், அசையாமல் காத்திருக்கோணும். அதை எனக்குப் படிப்பிச்சதே யோகன்தான். ஆனா அது குழந்தைப் பிள்ளை மாதிரிக் கத்தினது, தங்கச்சி. யோகனுக்குப் பொறுக்கேல்லை. அந்தக் காடே கேக்கத் தமிழிலை கத்தினவன். 'பொறு, வாறன்! பொறு, வாறன்!' எண்டு. அதுக்குப் பிறகு விழுந்த சத்தம்."

"உங்களைத்தானே கூப்பிட்டிருப்பார்?"

குகன் அண்ணை தலையாட்டி மறுத்தார். "என்னோடை எண்டால் பொறுங்கோ எண்டல்லோ சொல்லுவான்? இத்தினை வருசத்திலை என்னைப் 'பொறு' எண்டு அவன் சொன்னதில்லை. அது மானுக்குச் சொன்னது."

நான் ஏணியின் கம்பைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, வழுக்கலாக இருந்தது. அவசரத்தில் பட்டியைக் கழற்றியிருக்கிறீர்கள். முதல் கம்பிலேயே கால் வழுக்கியிருக்கிறது. குகன் அண்ணை ஓடி வந்தபோது உங்களிடம் மூச்சில்லை. அவர் அவசர உதவிக்குத் தொலைபேசி அடித்துவிட்டு உங்கள் தலையை மடியில் வைத்திருந்திருக்கிறார். மான் கத்திக்கொண்டே கிடந்திருக்கிறது.

"பிறகு உங்கடை மனிசனைக் கீழை கிடத்திப்போட்டு எழும்பிப் போனன். போய் அதின்ரை வேதனையை முடிச்சிட்டு வந்தன். யோகன் அதுக்குத்தானே இறங்கினவன். செத்த மனிசனைத் தனிய விட்டிட்டுப் போனன் எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

நான் அழுவேன் என்று நினைத்திருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களோடு கோபம். ஆரூரன் தொட்டிலில் அழுதால் நான் எழும்புமுன் ஓடிப்போகிற ஆள் நீங்கள். அப்படிப்பட்டவருக்கு எதற்கு இந்த வேட்டை? அம்பு விடுகிற கையும் பொறு வாறன் என்கிற வாயும் எப்படி ஒருவருக்கே இருந்தன? சத்தமில்லாத ஆயுதம் என்றுதானே வில்லை எடுத்தீர்கள்? அந்த நேரம் வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது உங்கள் நினைவுக்கு வந்ததா, இல்லையா?

வீட்டுக்கு வந்து ஆரூரனை இருத்தி எல்லாம் சொன்னேன். குகன் அண்ணை எழுந்து போன இடத்தையும் விடாமல் சொன்னேன். கடைசியில், "அப்பா மானோடை தமிழிலையா கதைச்சவர்?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது அவனுக்கு, நீங்கள் சிரிப்பது போலவே மூக்கால். பிறகு அந்தச் சிரிப்பு வேறாகிவிட்டது. நெடுநேரம் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அவனாகவே குகன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தான். கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வேலை போன அந்த வருடம் முழுக்க நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி சொன்ன வசனத்துக்கும் பொருள் தெரியாது. அது தெரியாமலே மிச்ச நாளும் போகும் போலிருக்கிறது. ஆனால் விழுகிற அந்தக் கணத்தில் நீங்கள் ஓர் உயிரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தீர்கள். இது தெரிந்த பிறகு ஓரளவு நித்திரை வருகிறது. அந்த வேதனையை அந்த உயிருக்குக் கொடுத்ததும் நீங்கள்தான் என்பது நினைவு வந்தால் முழிப்பும் வருகிறது.

வருகிற வாரம் உங்கள் ஆண்டுத் திவசம். மண்டபத்தில் சாப்பாடு. தண்ணீர்ப் பந்தலடியில் பேசிய அந்த இரண்டு பெண்களுக்கும் நானே சொல்லியிருக்கிறேன், கட்டாயம் வரவேண்டும் என்று. எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொல்லப் போகிறேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. உங்களைக் கோழை என்று பேச இனி யாரையும் விடமாட்டேன். உங்களை நல்லவராக்குவதற்காக அந்த மானை மறைக்கவும் மாட்டேன். அது எப்படிக் கத்தியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். குரல் நடுங்கினால் ஆரூரன் பக்கத்தில் நிற்பான், கேட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி,
ஆரூரனின் அம்மா,
வசந்தி