கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை

லில்லெஸ்ட்ரோம்,
செப்டெம்பர் 21

அன்பு மகள் அஜந்தாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் உன் அண்ணாவும் அண்ணி தேவிகாவும் இங்கே சுகம், நீயும் ரொறன்ரோவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன். சுகம் என்று நான் சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை பிள்ளை, என் தலையும் சுகம், அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், இந்த வரியை இரண்டு தரம் வாசி. போனில் சொன்னால் நீ இடையில் அழத் தொடங்குவாய், அண்ணா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் புகுந்து கதைப்பான், அதனால்தான் கடிதம். இங்கே ஹொல்ம்லியாவில் இருக்கிற குலசேகரம் அண்ணை மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வியாழக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய செய்தி வந்தது. மறதிச் சோதனையில் அம்மாவுக்குப் புள்ளி குறைவாம், இனி அண்ணாவோடேயே இருக்கட்டாம், ஒக்டோபர் பதினெட்டாம் திகதி டிக்கெட்டை ரத்துச் செய்யலாமாம், என் அறையை நீ வீட்டிலிருந்து வேலை செய்கிற அறையாக்கப் போகிறாயாம். வடிவாக எழுதியிருந்தாய், ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஆனால் “அம்மா, என்ன நடந்தது?” என்று ஒரு சொல் நீ கேட்கவில்லை. கொண்ணன் சொன்னது உனக்குப் போதும். சரி, நான் சொல்கிறேன், கேள்.

அண்ணாவின் புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்து மூன்று மாதம் நின்றுவிட்டுப் போவதென்றுதான் யூலை கடைசியில் வந்தேன். அதற்காக எங்கள் அணியை விட்டுவிட முடியுமா. பதினொரு வருஷம் நீயும் நானும் ஒரே சோபாவில் இருந்து பார்த்த பேஸ்போல், பள்ளிக்கூடத்தில் மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லே விளையாடின எனக்கு அதை விளங்கிக்கொள்ள ஒரு கிழமைகூட எடுக்கவில்லை என்று நீயே எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாய். அங்கே பின்னேரம் ஏழு மணி ஆட்டம் இங்கே விடியப்புறம் ஒரு மணி. கண்விழித்தால் மகன் ஏசுவான் என்று நான் படுத்துவிடுவேன். காலையில் தேத்தண்ணீரோடு இருந்து பதிவைப் போட்டு, முதல் பந்திலிருந்து பார்ப்பேன். அடுத்த வீட்டு ஆன்ட்ரியாஸ்தான் டிவியில் அதற்கு வழி செய்து தந்தவன், நல்ல பெடியன். ஆட்டத்தை வழக்கம்போலச் சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதுவேன், இதுவரை நாற்பத்தெட்டு ஆட்டம். ஒரே ஒரு நிபந்தனை, நான் பார்த்து முடிக்கும்வரை ஒருத்தரும் முடிவைச் சொல்லக்கூடாது.

அதுதான் இந்த வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. தேவிகா பாவம், பாண் வெட்டிக்கொண்டே, மாமி உங்கடை ஆக்கள் தோத்திட்டினம் என்றாள், அன்று மத்தியானம்வரை நான் அவளோடு கதைக்கவில்லை, அதற்கு அவள் மாமிக்குக் காரணமில்லாமல் கோபம் வருகுது என்று அண்ணாவுக்குச் சொல்லியிருக்கிறாள். என் தம்பி பிலேந்திரன் ஒவ்வொரு நாளும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவைப் போடுகிறான் என்று நான் குழுவை விட்டு வெளியேறினேன், அம்மா சொந்தங்களை வெறுக்கிறாவாம். காலை ஏழு மணிக்கு டிவியைப் பார்த்து ஓடடா ஓடடா என்று கத்தினேன், அம்மா தனியக் கதைக்கிறாவாம். எல்லாவற்றையும் உன் அண்ணா ஒரு கடதாசியில் குறித்து வைத்திருந்தான். நான் ஆட்டத்தை எழுத, அவன் என்னை எழுதியிருக்கிறான்.

இனி அந்தச் சோதனைக் கதை. தேவிகா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கரோலினா என்று ஒரு நேர்ஸ், இரண்டு கிழமைக்கு முன் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், முன்கூட்டி ஒரு சொல் இல்லை. ஆறாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். அப்படியே நிறுத்திவிட்டு வந்து இருந்தேன். அண்ணாதான் மொழிபெயர்ப்பு. இன்றைக்கு என்ன கிழமை என்றாள், செவ்வாய் என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது செவ்வாய்க்கிழமை ஆட்டமல்லவா, அது முடியாமல் எனக்கு எப்படிப் புதன் வரும். நேரம் என்ன என்றாள், கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்றரை என்றேன், அது உங்கள் ஊர் நேரத்தில் ஓடுகிற கடிகாரம். எங்கே இருக்கிறீர்கள் என்றாள், ஸ்காபரோ என்றேன், ரொறன்ரோவில் என் வீடு அங்கேதானே இருக்கிறது. அண்ணாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவள் எழுதிக்கொண்டு போனாள். நான் எழும்பி மிச்ச ஆட்டத்தைப் பார்க்கப் போனேன், அதையும் எழுதியிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து, இங்கேயே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கிற படிவம் சாப்பாட்டு மேசையில் இருந்தது, நான் கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் புள்ளடி. அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எனக்கு எழுபத்தொரு வயது, உங்கள் அப்பாவைக் கடைசி மூன்று வருஷம் தூக்கி இருத்திச் சோறு தீத்திப் பார்த்தவள், மறதி என்றால் என்ன என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. தேவிகாவிடம் நம்பரை வாங்கி நானே கரோலினாவுக்குப் போன் எடுத்தேன். என் உடைந்த இங்கிலீஷில் திரும்ப வா என்றேன், மகன் இல்லாத நேரம் வா என்றேன். வந்தாள். என்ன கிழமை என்றாள், எந்த நாட்டில் என்று கேட்டேன். கடிகாரத்தைக் காட்டினேன், கொப்பியை விரித்தேன். அந்தப் புதன்கிழமை எழுதின பக்கத்தை எடுத்து, நீ கதவைத் தட்டினபோது மூன்றாம் பேஸில் நின்றவன் இவன், நீ போனபிறகு அடித்தவன் இவன் என்று பெயர் பெயராகச் சொன்னேன். முழுச் சோதனையும் திரும்ப வைத்தாள். முப்பதுக்கு இருபத்தொன்பது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், அதில்தான் ஒன்று போனது, அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வராது.

அண்ணா வேலையால் வந்ததும் கரோலினாவே அவனுக்குச் சொன்னாள். அவன் என்னிடம் வந்து, “நான் பயந்திட்டன் அம்மா, அப்பாவும் முதல்லை கிழமையைத்தான் மறந்தவர்” என்றான். அவனைப் பிடித்து இருத்தி, தலையைத் தடவிவிட்டேன். பாவம், அப்பா போனில் இது ஆர் கதைக்கிறது என்று அவனைக் கேட்டதை அவன் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் சொன்னேன், உன்ரை பயம் எனக்கு விளங்குது, அதற்காக நான் இஞ்சை இருக்கமாட்டன் என்று. படிவத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது, கொப்பியும் அன்றோடு முடிந்திருந்தது, அடுத்த நாள் ஆட்டத்தை அதில்தான் எழுதினேன். அண்ணா பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை, பக்கத்தில் இருந்து, ஆர் வெண்டது என்று மட்டும் கேட்டான். அந்தத் தாளையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன், நீ பார்.

அவனோடு எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு பேஸ்போலும் தெரியாது, என்னையும் வருஷத்தில் இரண்டு கிழமைதான் தெரியும். கோபம் உன்னோடுதான். யூலையில் விமான நிலையக் கதவடியில் என் கையைப் பிடித்து, “அம்மா, உந்தக் கடிகாரத்தை மாத்தாதேங்கோ, எங்கடை நேரத்திலையே இருக்கட்டும்” என்று சொன்னது யார்? அம்மா மூன்றரை என்று சொன்னா என்று அண்ணா சொன்னபோது, உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் அது சரியான நேரம் என்று தெரிந்திருக்க வேண்டும். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை பிள்ளை. அதுதான் எனக்கு நொந்தது, புள்ளி குறைந்தது இல்லை.

ஆகையால் சொல்கிறேன், டிக்கெட்டில் கை வைக்காதே. என் அறைக்குள் மேசை போட்டிருந்தால் அதை வெளியே எடு, சோபாவில் என் பக்கத்தில் உன் லப்டொப்பையும் வைக்காதே. எங்கள் அணி அதுவரை நின்றாலும் சரி, இடையில் தோற்று வீட்டுக்குப் போனாலும் சரி, நான் வருவேன், தோற்ற அணிக்கும் அடுத்த வருஷம் இருக்கிறது. குலசேகரம் அண்ணையிடம் உனக்கு மிளகாய்த்தூளும் தேவிகா செய்த பயற்றம் பணியாரமும் கொடுத்துவிடுகிறேன், அவருக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடு. வேலைக்குப் போகிற நாட்களில் இரவு வரும்போது தனியப் பஸ்ஸுக்கு நிற்காதே. என் கோபம் என் கோபம்தான், ஆசீர்வாதம் அதைவிடப் பெரிது, ஒரு குறையும் இல்லாமல் நல்லாயிரு. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும், ஆட்ட முடிவை மட்டும் எழுதாதே.

பதினெட்டாம் திகதி விமான நிலையத்துக்கு நீ என்னைக் கூட்டிப்போக வரும்போது, கட்டிப்பிடிக்க முதல், நேரம் என்ன என்று என்னிடம் கேள். கடிகாரத்தைத் தொடாமல் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. உதயகுமாரி