ஒரு கரண்டி கூடுதல்

லூமி,

பனிச் சுரங்கத்தில் குளிர் எப்படி இருக்கிறது? உன் கம்பளிச் சட்டையை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்.

இந்தப் போரில் நம் கோள் யார் பக்கமும் இல்லை என்பதற்குத் துறைமுகச் சாப்பாட்டுக் கூடம்தான் சாட்சி என்பார்களே. கேசார் வீரர்கள் நூறு பேருக்கு ஒரு பானை, துலான் வீரர்கள் நூறு பேருக்கு ஒரு பானை. கடைசியில் இரண்டிலும் மிச்சம் சமமாக இருக்க வேண்டும். அந்தக் கேசார்க்காரனுக்கு நீ தினமும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாய். பாத்திரம் கழுவும் நான் துலான் பானையிலிருந்து ஒரு கரண்டியைக் கொட்டிச் சரிசெய்தேன். உனக்கு அது தெரியாது.

அன்று அவன் எதிரிலேயே என்னைக் காட்டி, "இவ வாயில்லாப் பூச்சி, கண்டுக்காத," என்றாய். இருவரும் சிரித்தீர்கள். இடைவேளையில் நீ என்னோடு சாப்பிட்டு ஒரு மாதமாகியிருந்தது.

அன்று நான் கொட்டவில்லை.

மேற்பார்வைக்காரி பானைக்குள் விட்ட அளவுகோலைத் தூக்கிக் காட்டி, "யாரு பக்கம்டி நீ?" என்று உன்னைக் கேட்டபோது தலைகுனிந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளே உன்னைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பரிமாறுவது நான். நேற்று அவன் வரிசையில் நின்று, "லூமி எங்க, தங்கச்சி? இத அவகிட்ட சேத்துடுறியா?" என்று ஒரு கடிதம் தந்தான். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

அதை இந்த உறைக்குள் வைக்கவில்லை. வேண்டுமென்றால் நீ என்னிடம்தான் வர வேண்டும்.

உன் தோழி