விரல் உயர நாற்காலி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பரவாயில்லை என்று எழுதாமல், மாடி ஏற முடிகிறதா என்று எழுதுங்கள்.

நீங்கள் கட்டிவரும் பொம்மை வீட்டின் புகைப்படம் கிடைத்தது. போன பயணத்தில் நான் வாங்கி அனுப்பிய, குளிர்பெட்டியில் ஒட்டும் காந்த வில்லை கூடத்துச் சுவரில் ஓவியமாகிவிட்டது. மலிவுச் சாமான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறீர்கள்.

சென்ற வாரம் வேலையாக வெளியூர் போனபோது, ரயில் நிலையக் கடையில் விரல் உயர மர நாற்காலிகளைப் பார்த்தேன்.

“குழந்தைக்கு என்ன வயசும்மா?” என்றார் கடைக்காரர்.

“அம்பத்தி மூணு.”

“அப்ப சீக்கிரம் உடைச்சிடுவாரு. ரெண்டா எடுத்துக்கங்க.”

ஒன்றுதான் எடுத்தேன். அதன் முதுகில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைக் கத்தியால் சுரண்டியபோது கட்டைவிரலில் சின்ன வெட்டு. இரண்டு தையல்தான், அதுவும் இடது கை.

அலுவலகத்தில் இன்னும் இரண்டு வருடம் இந்த ஊரிலேயே இருக்கச் சொன்னார்கள். வழக்கமாக, யோசிக்கிறேன் என்பேன். இந்த முறை முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்காலியைத் தபாலில் அனுப்பவில்லை, நானே கொண்டுவருகிறேன்.

அலுவலகப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாசல் கதவுக்குப் பூட்டு மாற்றினீர்களாமே, எனக்கும் ஒரு சாவி செய்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி