வெங்காய மூட்டைச் சட்டம்

மும்பை, புதன்கிழமை

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் நலம். ஊரில் உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் ஹோட்டல் சமையலறையில், நம் துளு மொழியில் இந்தி கலப்பவன் ஒரு மூட்டை வெங்காயம் உரிக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பயத்தில் வாயில் வருவதுதான் தாய்மொழி என்றும் சொல்லிவந்தேன். நேற்று என் சட்டைக் கையில் தீப்பிடித்தது. காயம் புளியங்கொட்டை அளவுதான். ஆனால் நான் கத்தியதோ இந்தியில்: "பானி, பானி!"

தண்ணீர் ஊற்றிய உதவியாள் வாமன் சிரித்தான். "தேஜப்பண்ணே, மூட்டைய அவுக்கட்டுமா?"

"அவுத்துடுடா. சட்டம் சட்டந்தான்."

முழுதும் உரித்தேன். சட்டத்தை மாற்ற மாட்டேன். நீ ஞாயிறுதோறும் போன் செய்து என்னைத் துளுவில் திட்டு. உன் கோபத்தில் இன்னும் ஒரு இந்திச் சொல்கூட இல்லை.

சாம்பார் பொங்குகிறது.

உன் தேஜப்பன்